ஈமேக்ஸில் கோட் கம்ப்ளீஷன்: எந்தப் பேக்கேஜ், எந்த வரிசையில்?

ஈமேக்ஸ் என்ற எடிட்டரைப் புதிதாகப் பழகும் நண்பர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அமைத்துக் கொடுக்கும்போதெல்லாம் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறேன். கோட் அடிக்கும்போது அடுத்து வரக்கூடியதைப் பரிந்துரைக்கும் கோட் கம்ப்ளீஷனுக்காகக் கம்பெனி என்ற பேக்கேஜைப் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போட்டிருப்பார்கள். அது சரிவரவில்லை என்று கோர்ஃபூவையும் போட்டிருப்பார்கள். யாரோ சொன்னதாக வெர்ட்டிகோவும் இருக்கும். பரிந்துரைகளைக் காட்டும் பாப்அப் அழகாக வருகிறது. ஆனால் அதில் இருப்பதெல்லாம் அதே ஃபைலில் ஏற்கெனவே அடித்த சொற்கள்தான். புள்ளி வைத்ததும் அந்த ஆப்ஜெக்ட்டின் மெத்தட்கள் வர வேண்டும், வருவதில்லை. உடனே நான்காவது பேக்கேஜைத் தேடப் போகிறார்கள்.

கோளாறு பேக்கேஜில் இல்லை, வரிசையில் இருக்கிறது. பாப்அப் கடைசியில் வர வேண்டிய ஒன்று. அதை முதலில் போட்டுவிட்டால் பின்னால் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்தறியவே முடியாது. கீழே உள்ள வரிசையில் போனால் ஒவ்வொரு படியிலும் நின்று, அது சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். எடுத்துக்காட்டுக்குப் பைத்தானை வைத்துக்கொள்கிறேன். மற்ற மொழிகளில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

பேக்கேஜ், கமாண்ட் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். ஈமேக்ஸில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஆல்ட்-எக்ஸ் அழுத்திப் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் கீயைத் தட்டினால், மீதிப் பெயரை ஈமேக்ஸே காட்டிக் கொடுக்கும்.

1. மூன்று வேலைகளைப் பிரித்துப் பாருங்கள்

கோட் கம்ப்ளீஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. இந்த இடத்தில் என்னென்ன வரலாம் என்று பட்டியல் தருவது ஒன்று. நீங்கள் அடித்த எழுத்துகளுக்குப் பொருந்துவதை வடிகட்டுவது இன்னொன்று. மிஞ்சியதைத் திரையில் காட்டுவது மூன்றாவது.

கம்பெனியும் கோர்ஃபூவும் முக்கியமாக மூன்றாவது வேலையைச் செய்பவை. பந்தியில் பரிமாறுகிறவரை மாற்றினால் சாம்பாரின் ருசி மாறாது. பட்டியல் மோசமாக இருந்தால் பார்க்க வேண்டியது அடுப்படியை, அதாவது பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வெர்ட்டிகோ, ஐவி, ஹெல்ம் மூன்றும் கீழே மினிபஃபரில் (ஈமேக்ஸின் அடியில் கமாண்ட் அடிக்கும் வரி) ஃபைல் பெயர், கமாண்ட் பெயர் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியமாகப் பயன்படுபவை. நீங்கள் கோட் அடிக்கும் இடத்தில், கர்சருக்குப் பக்கத்தில் வரும் பாப்அப்புக்கு இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வெர்ட்டிகோவைப் போட்டுவிட்டுப் பைத்தான் ஃபைலில் ஒன்றும் வரவில்லையே என்று தேடிய பலரைப் பார்த்திருக்கிறேன். பேக்கேஜ் நல்லதுதான், இந்த வேலைக்கானது இல்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பதிப்பு. ஆல்ட்-எக்ஸ் அழுத்தி ஈமேக்ஸ்-வெர்ஷன் என்று கொடுங்கள். 29 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. மொழி சர்வரோடு (பரிந்துரைப் பட்டியல் தரும் தனி நிரல்) பேசும் எக்ளாட் 29 முதல் ஈமேக்ஸுக்கு உள்ளேயே வருகிறது. உபுண்டு 22.04 தரும் ஈமேக்ஸ் 27.1, டெபியன் 12 தருவது 28.2. இவை பழசு. உபுண்டு 24.04-இல் 29.3 வருகிறது, டெபியன் 13-இல் 30.1. பழைய பதிப்பிலும் எக்ளாட்டைத் தனியாக நிறுவலாம். ஆனால் கோர்ஃபூ போன்ற பேக்கேஜ்களின் புதிய வெளியீடுகள் பழைய ஈமேக்ஸை ஏற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பழைய வெளியீட்டைத் தேடி அலைவதைவிட ஈமேக்ஸையே புதுப்பித்துவிடுவது நேரம் மிச்சம்.

இரண்டாவது, உங்கள் இனிட் ஃபைலை (ஈமேக்ஸ் திறக்கும்போது படிக்கும் அமைப்பு ஃபைல்), மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் போட்டு ஒரு கமிட் செய்யுங்கள். இனி ஒவ்வொரு படிக்கும் ஒரு கமிட். ஏதாவது உடைந்தால் எந்த வரியால் உடைந்தது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பியுங்கள்: பேக்கேஜ்-ரிஃப்ரெஷ்-கன்டென்ட்ஸ். இதைச் செய்யாமல் நிறுவப் போனால், சர்வரில் இப்போது இல்லாத பழைய வெளியீட்டை ஈமேக்ஸ் தேடும். கிடைக்கவில்லை என்று பிழை வரும். பேக்கேஜே செத்துவிட்டது என்று பலர் நினைப்பது இதைப் பார்த்துத்தான். இந்த வழிகாட்டியில் வரும் கம்பெனி, கோர்ஃபூ, கேப், ஆர்டர்லெஸ், யாஸ்னிப்பெட் எல்லாமே க்னூ எல்பா என்ற பேக்கேஜ் களஞ்சியத்தில் இருக்கின்றன. எக்ளாட்டுக்கு மாற்றான எல்எஸ்பி-மோடுக்கு மட்டும் மெல்பா என்ற இன்னொரு களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும்.

டூம், ஸ்பேஸ்மேக்ஸ் போன்ற தயார்நிலை அமைப்புகளில் இருக்கிறீர்களா? அப்படியானால் அவற்றில் கம்ப்ளீஷன் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். அதன் மேல் கையால் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். அந்த அமைப்பின் மாட்யூல் பட்டியலிலேயே எது இயங்குகிறது என்று பார்த்து, மாற்றுவதையும் அங்கேயே செய்யுங்கள்.

3. மொழி சர்வரை டெர்மினலில் நிறுவி, அங்கேயே சோதியுங்கள்

பட்டியல் தருவது இந்தச் சர்வர்தான். உங்கள் கோடைப் படித்து, எந்த வேரியபிள் எந்த வகை, அதில் என்ன மெத்தட் இருக்கிறது என்று கணக்குப் போட்டு எடிட்டருக்கு அனுப்புகிறது. பைத்தானுக்குப் பைரைட் அல்லது பைத்தான்-எல்எஸ்பி-சர்வர். சி, சி++ என்றால் க்ளாங்-டி. ரஸ்டுக்கு ரஸ்ட்-அனலைசர். கோ மொழிக்கு கோ-பிஎல்எஸ்.

பைத்தானில் இரண்டில் எதை எடுப்பது? டைப் ஹின்ட் (வேரியபிளின் வகைக் குறிப்பு) எழுதுகிறவர் என்றால் பைரைட். வகைப் பிழைகளையும் சேர்த்துச் சொல்லும். வகை எதுவும் எழுதாத பழைய கோடில் வேலை என்றால் பைத்தான்-எல்எஸ்பி-சர்வர் அமைதியாக இருக்கும். அதன் பரிந்துரைகள் ஜெடி நூலகத்திலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் நிறுவுங்கள். இரண்டும் இருந்தால், எக்ளாட் தானாகத் தொடங்கும்போது தன் பட்டியலில் முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்ளும். பைரைட்தான் ஓடுகிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்க, பின்னால் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கும்.

நிறுவியதும் டெர்மினலில் அதன் பெயரோடு வெர்ஷன் கேட்டுப் பாருங்கள். எண் வந்தால் சரி. அப்புறம் ஈமேக்ஸுக்குள் போய், ஆல்ட்-முக்காற்புள்ளி அழுத்தி எக்ஸிக்யூட்டபிள்-ஃபைண்ட் என்ற ஃபங்ஷனுக்குச் சர்வரின் பெயரைக் கொடுங்கள். பாதை வர வேண்டும். பைரைட்டில் எடிட்டர் தொடங்கும் நிரலின் பெயர் பைரைட்-லாங்சர்வர். அதைத்தான் இங்கே தேட வேண்டும்.

டெர்மினலில் கிடைத்து ஈமேக்ஸில் 'நில்' (இல்லை) என்று வந்தால், நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறி ஈமேக்ஸுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. மேக்கில் ஐகானைத் தட்டி ஈமேக்ஸைத் திறப்பவர்களுக்கு இது வழக்கமாக வரும் சிக்கல். அப்படித் திறக்கும்போது உங்கள் ஷெல் அமைப்பு படிக்கப்படுவதில்லை. எக்ஸெக்-பாத்-ஃப்ரம்-ஷெல் என்ற சிறிய பேக்கேஜ் இதைத் தீர்க்கும். இதைக் கண்டுபிடிக்காமல் நாள்கணக்கில் கம்ப்ளீஷன் பேக்கேஜ்களை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

பைத்தானில் இன்னொரு பொறி விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது ஒரு புராஜெக்ட்டின் நூலகங்களைத் தனியாக வைக்கும் இடம். சர்வர் ஓடும், நிலையான நூலகத்துக்குப் பரிந்துரை வரும். ஆனால் நீங்கள் பிப் மூலம் போட்ட நூலகங்களுக்கு ஒன்றும் வராது. சர்வருக்கு உங்கள் என்விரான்மென்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் காரணம். என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்த டெர்மினலிலிருந்தே ஈமேக்ஸைத் திறப்பது எளிய வழி. நிரந்தர வழி வேண்டுமென்றால் பைரைட்டின் கான்ஃபிக் ஜேசன் ஃபைலை புராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரில் வைத்து, அதில் என்விரான்மென்ட் இருக்கும் பாதையையும் பெயரையும் எழுதிவிடுங்கள்.

க்ளாங்-டிக்கு இதே மாதிரி ஒரு தேவை: கம்பைல் கமாண்ட்ஸ் ஜேசன் ஃபைல். அது இல்லாவிட்டால் உங்கள் ஹெடர் ஃபைல்கள் எங்கே என்று க்ளாங்-டிக்குத் தெரியாது. சீமேக் என்றால் எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ் விருப்பத்தை ஆன் செய்தால் போதும். வெறும் மேக்ஃபைல் என்றால் பேர் என்ற கருவி மூலம் ஒருமுறை பில்ட் செய்து எடுத்துக்கொள்ளலாம்.

4. சர்வரோடு பேசுவதற்கு எக்ளாட்டா, எல்எஸ்பி-மோடா?

இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. ஒரு பஃபரில், அதாவது திறந்திருக்கும் ஒரு ஃபைலில், ஒன்றுதான் இருக்க வேண்டும்.

எக்ளாட் ஈமேக்ஸின் சொந்த வசதிகளையே பயன்படுத்துகிறது. பிழை காட்ட ஃப்ளைமேக், குறிப்புக் காட்ட எல்டாக், வரையறைக்குத் தாவ எக்ஸ்ரெஃப், பரிந்துரைக்குக் கம்ப்ளீஷன்-அட்-பாயின்ட். அமைக்க வேண்டியது குறைவு, உடையக்கூடியதும் குறைவு. இதன் முக்கியக் குறை, ஒரு பஃபருக்கு ஒரு சர்வர்தான்.

எல்எஸ்பி-மோடு பெரியது. ஒரே ஃபைலுக்குப் பல சர்வர்களை இணைக்கும். பல சர்வர்களைத் தானே பதிவிறக்கி நிறுவித் தரும். டைப்ஸ்கிரிப்டோடு ஈஎஸ்லிண்டும் டெயில்விண்டும் சேர்ந்து வேண்டும் என்கிற வெப் வேலையில் இது உண்மையிலேயே உதவுகிறது. ஜாவாவுக்கும் இதில் எல்எஸ்பி-ஜாவா என்ற துணைப் பேக்கேஜ் இருப்பதால் வேலை சுலபம்.

என் பரிந்துரை: எக்ளாட்டில் தொடங்குங்கள். இரண்டு சர்வர் கட்டாயம் வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் எல்எஸ்பி-மோடுக்குப் போங்கள். அங்கே வசதிகள் அதிகம் என்பதாலேயே, புதியவருக்கு எது எதிலிருந்து வருகிறது என்று புரியாமல் போகிறது.

எக்ளாட்டைத் தொடங்க: கிட்டில் உள்ள ஒரு புராஜெக்ட்டின் பைத்தான் ஃபைலைத் திறந்து ஆல்ட்-எக்ஸ் எக்ளாட். கீழே மோட்லைன் என்ற நிலை வரியில் எக்ளாட் என்ற சொல்லும் புராஜெக்ட் பெயரும் வரும்.

கிட் ஃபோல்டர் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புராஜெக்ட்டின் எல்லை எது என்பதை ஈமேக்ஸ் கிட்டை வைத்து முடிவு செய்கிறது. ஹோம் ஃபோல்டரில் தனியாகக் கிடக்கும் ஒரு ஃபைலைத் திறந்து எக்ளாட்டைத் தொடங்கினால், ஹோம் ஃபோல்டர் முழுவதும் புராஜெக்ட் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். டவுன்லோட்ஸ் வரை எல்லாவற்றையும் படிக்கப் போய் இயந்திரம் திணறும். பழகுவதற்கான ஃபைல் என்றாலும் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, கிட்-இனிட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

கையால் தொடங்கிப் பார்த்து, சரியாக ஓடிய பிறகுதான் ஹூக்கில் (ஒரு மோட் தொடங்கும்போது தானாக ஓடுபவற்றின் பட்டியல்) எக்ளாட்டைத் தானாகத் தொடங்கும் எக்ளாட்-என்ஷூரைச் சேர்க்க வேண்டும். பைத்தான்-மோட் ஹூக்கில் போடுவதைவிடப் பைத்தான்-பேஸ்-மோட் ஹூக்கில் போடுங்கள். 29 முதல் கோடை அலசும் ட்ரீ-சிட்டர் நூலகத்தைப் பயன்படுத்தும் பைத்தான்-டிஎஸ்-மோட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பின்னாளில் அதற்கு மாறினால் பழைய ஹூக் ஓடாது. கம்ப்ளீஷன் திடீரென்று நின்றுபோனதாகத் தோன்றும். பேஸ்-மோட் இரண்டுக்கும் பொது.

5. பாப்அப் எதுவும் இல்லாமல் பரிந்துரையைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். இங்கே ஐந்து நிமிடம் செலவழித்தால் பின்னால் பல மணி நேரம் மிஞ்சும்.

கம்பெனி, கோர்ஃபூ இரண்டும் போட்டிருந்தால் அந்த வரிகளை இனிட் ஃபைலில் கமெண்ட் செய்துவிட்டு ஈமேக்ஸை மூடித் திறங்கள். ஒரு பைத்தான் ஃபைலில் ஓஎஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, அடுத்த வரியில் ஓஎஸ் புள்ளி பாத் புள்ளி என்று அடித்து நிறுத்துங்கள். இப்போது கண்ட்ரோல்-ஆல்ட்-ஐ.

புதிய ஜன்னலில் ஒரு பட்டியல் திறக்க வேண்டும். அதில் ஜாயின், எக்ஸிஸ்ட்ஸ், பேஸ்நேம் போன்ற பெயர்கள் இருந்தால், சர்வர், இணைப்பு, வடிகட்டல் எல்லாமே சரி. இனி மிச்சம் இருப்பது அலங்காரம்தான்.

ஆல்ட்-டேப் கூட இதே கமாண்ட்தான் என்று ஆவணத்தில் இருக்கும். ஆனால் பெரும்பாலான டெஸ்க்டாப்களில் ஆல்ட்-டேப் ஜன்னல் மாற்றப் போய்விடுகிறது, ஈமேக்ஸுக்கு வந்து சேராது. அதனால் கண்ட்ரோல்-ஆல்ட்-ஐ தான் நம்பகம்.

பட்டியல் வரவில்லையா? இங்கேயே நில்லுங்கள். பாப்அப் பேக்கேஜ் போட்டால் வந்துவிடும் என்ற நம்பிக்கை வேண்டாம், வராது. மோட்லைனில் எக்ளாட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இணைப்பே இல்லை, நான்காம் படிக்குத் திரும்புங்கள். பெயர் இருந்தும் பட்டியல் இல்லையென்றால் ஆல்ட்-எக்ஸ் எக்ளாட்-ஈவன்ட்ஸ்-பஃபர். ஈமேக்ஸ் என்ன கேட்டது, சர்வர் என்ன பதில் தந்தது என்று வரிவரியாக இருக்கும். சர்வர் காலியான பட்டியல் அனுப்பியிருந்தால் பிரச்சினை என்விரான்மென்ட்டில், மூன்றாம் படி. பதிலே வராமல் இருந்தால் சர்வர் இன்னும் புராஜெக்ட்டைப் படித்துக்கொண்டிருக்கலாம். பெரிய புராஜெக்ட்டில் தொடக்கத்தில் இது சகஜம். கொஞ்சம் பொறுத்து மறுபடி பாருங்கள்.

இந்தப் படியோடு நிறைவடைகிறவர்களும் உண்டு. டேப்-ஆல்வேஸ்-இன்டென்ட் என்ற மாறிக்குக் கம்ப்ளீட் என்ற மதிப்பைக் கொடுத்தால், டேப் கீ முதலில் வரியை இன்டென்ட் செய்யும். ஏற்கெனவே சரியாக இருந்தால் கம்ப்ளீஷன் தரும். ஈமேக்ஸ் 30-இல் கம்ப்ளீஷன்-ப்ரிவ்யூ-மோட் என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் அடிக்கும்போதே அடுத்து வரக்கூடியதை மங்கலான எழுத்தில் அதே வரியில் காட்டும். டேப் தட்டினால் ஏற்றுக்கொள்ளும். இரண்டுக்கும் எந்தப் பேக்கேஜும் நிறுவத் தேவையில்லை. பாப்அப் கண்ணை உறுத்துகிறது என்பவர்கள் ஒரு வாரம் இதிலேயே இருந்து பாருங்கள்.

6. இப்போது பாப்அப்: கம்பெனியா, கோர்ஃபூவா?

முந்தைய படி சரியாக இருந்தால் இரண்டில் எதைப் போட்டாலும் பரிந்துரைகள் வரும். எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

எஸ்எஸ்ஹெச் வழியாகச் சர்வரில் நுழைந்து டெர்மினலுக்குள்ளேயே ஈமேக்ஸ் திறக்கிறவர் கம்பெனியை எடுங்கள். அது பாப்அப்பை எழுத்துகளின் மேலேயே வரைகிறது. தனி ஜன்னல் தேவையில்லை. டெர்மினலிலும் டெஸ்க்டாப்பிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். போட்டவுடன் தானாகப் பரிந்துரைக்கத் தொடங்கிவிடும். ஆல்ட்டோடு எண்ணை அழுத்தினால் அந்த இடத்தில் உள்ள பரிந்துரையை நேரடியாக எடுக்கலாம். பழகிவிட்டால் இது ரொம்ப வேகம்.

டெஸ்க்டாப் ஈமேக்ஸ் மட்டும் என்றால் நான் கோர்ஃபூ என்பேன். கம்பெனிக்குச் சொந்தமாகப் பட்டியல் தரும் பகுதிகளும் உண்டு. ஃபைலில் உள்ள சொற்களைப் பொறுக்கித் தருவது அவற்றில் ஒன்று. தொடக்கத்தில் சொன்ன அந்த 'அதே ஃபைலின் சொற்கள்' வந்தது இதனால்தான். சர்வரிடமிருந்து ஒன்றும் வராதபோது கம்பெனி அதை வைத்து ஒப்பேற்றும். சர்வர் ஓடவில்லை என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். கோர்ஃபூ அப்படி இல்லை. ஐந்தாம் படியில் நீங்கள் சோதித்தீர்களே, அந்தப் பட்டியலை மட்டுமே காட்டும். அங்கே வராதது இங்கேயும் வராது. கோளாறு எங்கே என்று தேடும்போது இந்தத் தெளிவு பெரிய உதவி.

கோர்ஃபூ பாப்அப்பைத் தனிச் சிறு ஜன்னலில் வரைகிறது. கோடில் தமிழில் கமெண்ட் எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தமிழ் எழுத்துகள் எல்லாம் ஒரே அகலம் இல்லை. எழுத்துகளின் மேலேயே வரையப்படும் பாப்அப், தமிழ் வரி குறுக்கே வரும் இடத்தில் ஓரம் கோணலாகலாம். தனி ஜன்னலில் வருவதற்கு அந்தப் பாதிப்பு கிடையாது. நான் கோர்ஃபூவிலேயே தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இரண்டு விஷயங்களில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கோர்ஃபூ முதலில் தானாக வராது. கோர்ஃபூ-ஆட்டோ மாறியை ஆன் செய்ய வேண்டும். அதையும் குளோபல்-கோர்ஃபூ-மோட் வரிக்கு மேலே வைத்துவிடுங்கள். அடுத்தது, ஈமேக்ஸ் 30 வரை டெர்மினலில் இந்தச் சிறு ஜன்னல் வராது. கோர்ஃபூ-டெர்மினல் என்ற துணைப் பேக்கேஜ் வேண்டும்.

இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று பாப்அப் வரும், கீகள் குழம்பும். கண்ட்ரோல்-ஹெச், அப்புறம் எம் அழுத்தினால் அந்த பஃபரில் ஓடும் மோட்கள் எல்லாம் வரும். கம்பெனியும் கோர்ஃபூவும் சேர்ந்து தெரிந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். எல்எஸ்பி-மோடில் இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருங்கள். கம்பெனி நிறுவப்பட்டிருந்தால் அது தானே அதை அமைக்கப் பார்க்கும். கோர்ஃபூ வேண்டுமென்றால் எல்எஸ்பி-கம்ப்ளீஷன்-ப்ரொவைடர் மாறியை நன் என்று மாற்ற வேண்டும்.

ஆட்டோ-கம்ப்ளீட் என்ற பழைய பேக்கேஜைப் பழைய குறிப்புகளில் பார்ப்பீர்கள். இப்போது புதிதாகப் போடத் தேவையில்லை.

7. நேரமும் என்டர் கீயும்

இரண்டு பேக்கேஜிலும் இரண்டு எண்கள் முக்கியம். எத்தனை எழுத்து அடித்த பிறகு பாப்அப் வர வேண்டும் என்பது ஒன்று. இரண்டிலும் தொடக்க மதிப்பு 3. கையை நிறுத்தி எவ்வளவு நேரத்தில் வர வேண்டும் என்பது மற்றொன்று, 0.2 விநாடி.

பலர் முதல் நாளே நேரத்தை 0 என்றும் எழுத்தை 1 என்றும் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரிடம் கேள்வி போகிறது, அடிப்பது திக்குகிறது, கடைசியில் பேக்கேஜ் மெதுவானது என்று பெயர் வாங்குகிறது. எழுத்தை 2 ஆக்குங்கள், நேரத்தைத் தொடாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

என்டர் கீதான் பெரிய எரிச்சல். வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக என்டர் தட்டுகிறீர்கள். அதற்குள் பாப்அப் வந்திருக்கிறது. என்டர் அதில் உள்ள முதல் பரிந்துரையைச் செருகிவிடுகிறது. நீங்கள் அடிக்காத ஒரு சொல் கோடில் போய் உட்கார்ந்துவிடும், சில சமயம் கவனிக்காமலே.

இதற்கு நான் எல்லோருக்கும் செய்து தருவது ஒன்றுதான்: பாப்அப்பின் கீமேப்பிலிருந்து (எந்தக் கீ என்ன செய்யும் என்ற பட்டியல்) என்டரை எடுத்துவிட்டு, ஏற்றுக்கொள்ளும் வேலையை டேப்புக்குக் கொடுப்பது. கோர்ஃபூவில் கோர்ஃபூ-மேப்பில் ரெட் (என்டரின் பெயர்) கீயை நீக்கினால் போதும். கம்பெனியில் கம்பெனி-ஆக்டிவ்-மேப்பில் ரெட், ரிட்டர்ன் என்று இரண்டு பெயர்களில் கட்டப்பட்டிருக்கும். இரண்டையும் நீக்க வேண்டும். டெர்மினலில் சரியாக இருந்து டெஸ்க்டாப்பில் மட்டும் என்டர் பழையபடி நடந்தால், ஒன்றை மட்டும் நீக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

8. வடிகட்டும் முறையை அவசரப்பட்டு மாற்றாதீர்கள்

ஆர்டர்லெஸ் என்ற பேக்கேஜ், சொல்லின் துண்டுகளை எந்த வரிசையில் அடித்தாலும் பொருத்திக் கண்டுபிடிக்கும். மினிபஃபரில் அருமையாக இருக்கும். கோடுக்குள் வரும்போது இடைவெளி விட்டால் பாப்அப் மூடிவிடும், அதனால் அதே பழக்கம் அங்கே பலிக்காது. கோர்ஃபூவில் ஆல்ட்-ஸ்பேஸ் அழுத்தினால்தான் துண்டு பிரிக்கலாம்.

அதோடு எக்ளாட் தன் பட்டியலுக்கென்று தனி வடிகட்டலை வைத்திருக்கிறது. ஆர்டர்லெஸ்ஸைப் பொதுவாகப் போட்டாலும் எக்ளாட் பரிந்துரைகளுக்கு அது பொருந்தாது. வகைவாரியான மாறியில் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் மாதம் இதைத் தொட வேண்டியதே இல்லை.

9. கூடுதல் பட்டியல்களைப் பின்னால் சேருங்கள், முன்னால் வேண்டாம்

கேப் என்ற பேக்கேஜ் ஃபைல் பாதைகள், பஃபரில் உள்ள சொற்கள் போன்ற கூடுதல் பட்டியல்களைத் தருகிறது. கோர்ஃபூவோடு சேர்ந்து நன்றாக ஓடும்.

சேர்க்கும் இடம்தான் முக்கியம். கம்ப்ளீஷன்-அட்-பாயின்ட்-ஃபங்ஷன்ஸ் என்பது ஒரு பட்டியல். ஈமேக்ஸ் அதை மேலிருந்து கீழாகக் கேட்டுக்கொண்டே வரும். "இந்த இடம் என்னுடையது" என்று முதலில் சொல்கிறவருக்கே இடம். பொதுவாக அதற்குக் கீழே இருப்பவரைக் கேட்பதே இல்லை. கேப்பின் சொல் தேடும் ஃபங்ஷனை பஃபரின் பட்டியலில் முதலிடத்தில் வைத்தால், எந்த எழுத்து அடித்தாலும் அது கையைத் தூக்கிவிடும். எக்ளாட்டுக்கு வாய்ப்பே வராது. நேற்று வரை வந்த மெத்தட் பெயர்கள் இன்று வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். கண்ட்ரோல்-ஹெச், வி அழுத்தி மாறியின் பெயரைக் கொடுத்தால் இப்போதைய வரிசை தெரியும். எக்ளாட்டின் ஃபங்ஷன் முதலில் இருக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே பாப்அப்பில் கலந்து பார்க்க வேண்டுமென்றால் கேப்-கேப்எஃப்-சூப்பர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் உண்மையில் அது தேவைப்படுகிறதா என்று யோசியுங்கள். பஃபரில் உள்ள சொல்லை மீண்டும் அடிக்க ஆல்ட்-சாய்கோடு போதும். எந்தப் பேக்கேஜும் வேண்டாம். கமெண்டில் வரும் நீளமான தமிழ்ச் சொற்களுக்கும் அது வேலை செய்யும்.

ஃபங்ஷன் பெயரோடு அதன் பாராமீட்டர்களுக்கான இடங்களும் சேர்ந்து வர வேண்டுமென்றால் யாஸ்னிப்பெட் தேவை. க்ளாங்-டி போன்ற சர்வர்கள் அவற்றை ஸ்னிப்பெட்டாக, அதாவது நிரப்ப வேண்டிய இடங்கள் கொண்ட வார்ப்பாக, அனுப்புகின்றன. இதிலும் வரிசை உண்டு: எக்ளாட் தொடங்கும்போதே யாஸ்னிப்பெட் ஆன் ஆகியிருக்க வேண்டும். ஸ்னிப்பெட் ஏற்பேனா இல்லையா என்பதை எக்ளாட் சர்வரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பின்னால் ஆன் செய்தால் எக்ளாட்-ரீகனெக்ட் கொடுத்து மறுபடி இணைக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு தரும் மங்கலான வரிகளையும் சேர்க்க ஆசைப்படுவீர்கள். அதை இந்த அமைப்பு இரண்டு வாரம் நிலையாக ஓடிய பிறகு சேருங்கள். அதுவும் டேப் கீயைத்தான் கேட்கும். யாருக்கு டேப் என்று நீங்கள் தெளிவாக ஒதுக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் எது செருகப்படும் என்று தெரியாமல் அடிக்க வேண்டியிருக்கும்.

10. மெதுவாக இருந்தால்

முதலில் அளந்து பாருங்கள். ப்ரொஃபைலர்-ஸ்டார்ட் கொடுத்துச் சிபியு தேர்ந்தெடுங்கள், ஒரு நிமிடம் வழக்கம்போல் கோட் அடியுங்கள், அப்புறம் ப்ரொஃபைலர்-ரிப்போர்ட். நேரம் எங்கே போகிறது என்று மரம்போல் விரித்துக் காட்டும். கம்ப்ளீஷன் என்று நினைத்தது பல முறை வேறு ஏதோ மோடாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சர்வர் அனுப்புவதைப் படிப்பதில் நேரம் போனால் ரீட்-ப்ராசஸ்-அவுட்புட்-மேக்ஸ் மாறியைப் பாருங்கள். ஈமேக்ஸ் 29 வரை அது 4096 பைட். சர்வர் அனுப்பும் பெரிய பட்டியலைச் சிறுசிறு துண்டாகப் படிக்க வேண்டியிருக்கும். 1 எம்பி ஆக்கினால் வித்தியாசம் தெரியும். 30-இல் தொடக்க மதிப்பே 65536. ஜேசன் படிக்கும் பகுதியும் புதிதாக எழுதப்பட்டிருப்பதால் எக்ளாட் வேகமாக ஓடுகிறது.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்து திடீரென்று ஏதோ உடைந்தால், டெர்மினலில் ஈமேக்ஸைப் பெரிய க்யூ விருப்பத்தோடு திறங்கள். உங்கள் அமைப்பு எதுவும் ஏறாது. அதில் ஆல்ட்-எக்ஸ் எக்ளாட் கொடுத்து ஐந்தாம் படியின் சோதனையைச் செய்யுங்கள். அங்கே பட்டியல் வந்தால் சர்வர் சரி, கோளாறு உங்கள் இனிட் ஃபைலில். வராவிட்டால் சர்வர் அல்லது என்விரான்மென்ட்.

11. முயன்று பார்த்து விட்டவற்றைக் கழற்றுங்கள்

இனிட் ஃபைலில் வரியை அழித்தால் மட்டும் பேக்கேஜ் போய்விடாது. ஃபோல்டரில் இருக்கும், சில பேக்கேஜ்கள் மற்றவற்றைப் பார்த்துத் தானாகவும் ஏறிக்கொள்ளும். எல்எஸ்பி-மோடு கம்பெனியைத் தேடுவதைப் பார்த்தோம் அல்லவா, அதுபோல.

பேக்கேஜ்-டிலீட் கொடுத்து வேண்டாததை நீக்குங்கள். அடுத்து பேக்கேஜ்-ஆட்டோரிமூவ், அந்தப் பேக்கேஜுக்காக வந்த துணைகளும் போய்விடும். ஆட்டோரிமூவ் என்னென்ன நீக்கப் போகிறது என்று பட்டியல் காட்டிக் கேட்கும், படித்துவிட்டுச் சரி சொல்லுங்கள். ஈமேக்ஸை மூடித் திறந்து, கண்ட்ரோல்-ஆல்ட்-ஐ சோதனையை இன்னொரு முறை ஓட்டி, பட்டியல் வந்ததும் இனிட் ஃபைலைக் கமிட் செய்யுங்கள்.